ஐந்து நாள் சிங்கப்பூர்ப் பயணம்: கைப்பெட்டி போதுமா, செக்-இன் பெட்டியும் வேண்டுமா?

கேள்வி இது: நானும் மனைவியும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். என் தங்கை அங்கே குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கல். மலிவு டிக்கெட் என்பதால் கையில் கொண்டுபோகும் பெட்டி மட்டுமே அதில் அடக்கம். செக்-இன் பெட்டிக்கு 20 கிலோ சேர்க்கத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சேர்க்கட்டுமா, கைப்பெட்டியோடு சமாளிக்கலாமா?

முதலில் பதில்: உங்கள் நிலையில் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு செக்-இன் பெட்டி. இரண்டு வேண்டாம். அந்த ஒன்றையும் போக்குக்கும் வரவுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் முடிவு செய்யாதீர்கள். போவது ஒரு கணக்கு, வருவது வேறொரு கணக்கு. பெரும்பாலான மலிவுக் கட்டண விமானங்களில் போகும் வழிக்குத் தனியாகவும் திரும்பும் வழிக்குத் தனியாகவும் பெட்டி சேர்க்கலாம். இது தெரியாமல் இரண்டு வழிக்கும் பணம் கட்டியவர்களையும், இரண்டு வழிக்கும் கட்டாமல் விட்டுவிட்டுத் திரும்பும்போது கவுன்டரில் கைபிசைந்து நின்றவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் ஒரு விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் துணிமணியில் தொடங்குவோம். கைப்பெட்டிக்குப் பொதுவாக அனுமதிக்கும் ஏழு கிலோ ஐந்து நாளைக்குப் போதாது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வீட்டில் எடைபோட்டுப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே புழுக்கம். ஸ்வெட்டர், ஜாக்கெட் எதுவும் வேண்டாம். ஜீன்ஸும் ஷூவும் உடம்பிலேயே போகட்டும். பைக்குள் மூன்று சட்டை முக்கால் கிலோ, மெல்லிய பேன்ட் ஒன்று 400 கிராம், உள்ளாடைகள் 300, கைலி 250, ஈரிழைத் துண்டு 150, செருப்பு 400, சோப்பு சீப்பு வகையறா அரைக் கிலோ, சார்ஜர், பவர் பேங்க், பிளக் அடாப்டர் சேர்த்து 700, மாத்திரை 200. மொத்தம் மூன்றரை கிலோவைச் சற்றுத் தாண்டும். உங்கள் மனைவிக்கு மூன்று சுடிதார், ரவிக்கை பாவாடையோடு ஒரு காட்டன் புடவை, நைட்டி, செருப்பு, மற்ற சாமான் எல்லாம் சேர்த்து நாலு கிலோ. தங்கை வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும். இரண்டாம் நாள் இரவு ஒருமுறை துவைத்தால் இதற்கு மேல் துணி தேவையே இல்லை.

ஏழு கிலோவைத் தின்பது துணி இல்லை, பெட்டிதான். சக்கரம் வைத்த கடினமான கேபின் ட்ராலி பல, காலியாக இருக்கும்போதே இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோ வரும். அனுமதித்த எடையில் கிட்டத்தட்ட பாதி! அதே கொள்ளளவுள்ள தோள்பை ஒரு கிலோவுக்குள் அடங்கும். மேலே சொன்ன உங்கள் சாமானைத் தோள்பையில் வைத்தால் நாலரை கிலோ சொச்சம். அதையே மூன்று கிலோ ட்ராலியில் வைத்தால் ஆறரையைத் தாண்டி எல்லையில் போய் நிற்கும். முதுகு வலி இருப்பவர்களுக்கு ட்ராலிதான் நல்லது, மறுக்கவில்லை. மற்றவர்கள் குறுகிய பயணத்துக்குத் தோள்பையை எடுங்கள்.

அளவையும் பாருங்கள். 55 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 20 கனம். மூன்றையும் கூட்டினால் 115. நம் ஊர் விமான நிலையங்களில் புழங்கும் கணக்கு இது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஓரிரு சென்டிமீட்டர் மாறும். எடையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஸ்கூட் விமானத்தில் சாதாரண வகுப்புக்கு இரண்டு உருப்படி சேர்த்து 10 கிலோ, ஏர் ஏசியாவில் இரண்டு சேர்த்து 7 கிலோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. “இரண்டு உருப்படி சேர்த்து” என்ற சொல்லைக் கவனியுங்கள். ட்ராலி 7 கிலோ, தோளில் தொங்கும் லேப்டாப் பை தனிக் கணக்கு என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், என் பேச்சை விட உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் வரியை நம்புங்கள்.

ஆக, உங்கள் இருவரின் சாமான் மட்டும் என்றால் கேள்விக்கே இடமில்லை, கைப்பெட்டி தாராளம். ஆனால் நம் ஆட்கள் வெளிநாடு போகும்போது பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் சாமான்தானே. தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மா சும்மா அனுப்புவாரா? சாம்பார் பொடி, இட்லிப் பொடி, மாவடு, நாரத்தங்காய் ஊறுகாய், வடாம், நெய், செக்கு நல்லெண்ணெய் என்று பட்டியல் நீளும். பெட்டி சேர்ப்பதா வேண்டாமா என்பதை இந்தப் பட்டியல்தான் முடிவு செய்யும்.

அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கைப்பெட்டியில் ஏறவே ஏறாது. பன்னாட்டு விமானங்களில் நீர்மம், பசை, களிம்பு எதுவானாலும் ஒரு டப்பா 100 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லா டப்பாவும் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்க வேண்டும், உறை உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் திரவ வெடிபொருள் வைக்கத் திட்டமிட்ட சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. இதில் நம்மவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு: டப்பாவின் கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது இல்லை. 200 மில்லி எண்ணெய் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் அது போகாது. நெய் உறைந்திருந்தாலும் நீர்மக் கணக்குத்தான். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் தொக்கும் அப்படியே. மிளகாய்த்தூளையும் மசாலாப் பொடிகளையும் நம் நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் கைப்பெட்டியில் விடுவதில்லை, கண்ணில் தூவலாம் என்ற காரணத்தால். தேங்காய் துருவியும் அரிவாள்மனையும் செக்-இன் பெட்டியில் மட்டுமே போகும்.

ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார், முதல் விமானப் பயணம். பிரசவ மருந்து லேகியமும் பூண்டு ஊறுகாயும் கைப்பையில் வைத்திருந்தார். செக்-இன் பெட்டிக்கு அவர் டிக்கெட்டில் இடமும் இருந்தது. மூன்று கிலோ காலியாகவே போனது. கவுன்டரில் யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தியபோது பெட்டி போய்விட்டது, கவுன்டரும் மூடிவிட்டது. மூன்று நாள் கிளறிய லேகியத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதன் பிறகு என் கவுன்டருக்கு வந்த ஒவ்வொரு வயதானவரிடமும் “கைப்பையில் ஊறுகாய், எண்ணெய், மருந்து எதாவது இருக்காம்மா?” என்று கேட்காமல் நான் பெட்டியை அனுப்பியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது தனியாகப் பறந்தால் இந்தக் கேள்வியை நீங்களே வீட்டில் கேட்டுவிடுங்கள்.

தங்கையிடம் ஒரு போன் போட்டு, “உண்மையிலேயே உனக்கு எது வேண்டும்?” என்று கேளுங்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் தேக்கா மார்க்கெட்டிலும் முஸ்தபா என்ற பெரிய கடையிலும் நம் ஊர் அப்பளம், புளி, நல்லெண்ணெய், பிராண்டுப் பொடிகள் எல்லாம் கிடைக்கின்றன. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூடக் கிடைக்கும். கிடைக்காதது அம்மா கையால் அரைத்த பொடியும் அவர் போட்ட மாவடுவும்தான். அவற்றை மட்டும் எடுத்துப்போனால் நாலைந்து கிலோவில் முடிந்துவிடும். கடையில் கிடைக்கும் இரண்டு கிலோ புளியைச் சுமப்பதற்காக ஒரு பெட்டிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

எடுத்துப்போகவே கூடாதவையும் உண்டு. கொப்பரையும் உலர்ந்த தேங்காயும் கைப்பெட்டியிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அதை ஆபத்தான சரக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கற்பூரமும் அப்படித்தான். பூஜைச் சாமான் பையில் மறந்துபோய் வருவது இதுதான். தீப்பெட்டியும் லைட்டரும் இங்கே இரண்டு பெட்டியிலும் கூடாது. சிங்கப்பூர்ப் பக்கம் வேறு சில கட்டுப்பாடுகள். கசகசா வேண்டவே வேண்டாம். அபின் செடியின் விதை என்பதால் அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். கோழி, ஆட்டிறைச்சி ஊறுகாயும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. சூயிங்கம் 1992 முதல் இறக்குமதிக்குத் தடை. மின் சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், பெட்டிக் கணக்கை விட இது பெரிது. நீங்கள் சிங்கப்பூர் போகிறீர்கள் என்று தெரிந்ததும் தெருவில் யாராவது வருவார்கள்: “எங்க பையன் அங்கதான் வேலை பார்க்கிறான், இந்தச் சின்ன பார்சல மட்டும் குடுத்துடுங்க.” வாங்காதீர்கள். ஒட்டிய பார்சலை யார் கொடுத்தாலும், சொந்தக்காரரே ஆனாலும், உங்கள் கண் முன் பிரித்துக் காட்டி, உங்கள் கையால் மறுபடி கட்டினாலொழிய எடுக்காதீர்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் பெட்டி யார் கையில் இருக்கிறதோ உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை. பதினைந்து கிராம் என்பது மூன்று ஸ்பூன் சர்க்கரை எடை. மனம் நோகுமே என்று தயங்குகிற இடம் இது அல்ல. “எடை ஏற்கெனவே தாண்டிவிட்டது, மன்னியுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளும் இதே வரிசையில் வரும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோனால் தொல்லை இல்லை. ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், டயசிபம் போன்றவற்றுக்கு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துப்போகக் கூடாது.

எந்த மருந்தாக இருந்தாலும் கைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் அப்பாவோடு இரண்டு விமானம் மாறி ஐரோப்பா போனபோது, கை கனமாக இருக்கிறதே என்று அவர் மாத்திரைப் பையைச் செக்-இன் பெட்டியில் போட்டேன். முதல் விமானம் தாமதம். நாங்கள் ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிட்டோம், பெட்டி பிடிக்கவில்லை. அது வந்து சேர மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை, மொழி தெரியாத ஊர், சீட்டு இல்லாமல் மருந்து தர மறுக்கும் கடை. அன்றைக்கு நான் பட்ட கலக்கம் உங்களுக்கு வேண்டாம். இன்சுலினுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சரக்கறையில் குளிர் மிகுந்து அது உறைந்துவிட்டால் பிறகு பயன்படாது. மருத்துவர் சீட்டு இருந்தால் 100 மில்லி விதியிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு.

அந்த அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பெட்டி தவறுவது பெரும்பாலும் விமானம் மாறும் இடத்தில்தான். விமானத் துறைக்குத் தொழில்நுட்பம் தரும் எஸ்.ஐ.டி.ஏ. நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் உலகம் முழுவதும் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ தொலைந்தோ போயின. 2022-இல் இது 7.6. தாமதமாகும் பெட்டிகளில் பெரிய பங்கு விமானம் மாறும்போது தவறியவை. திருச்சி–சிங்கப்பூர் நேர் விமானம், சுமார் நாலரை மணி நேரம். பெட்டி தவற வாய்ப்பு குறைவு. எனவே தொலைந்துவிடுமோ என்ற பயத்துக்காக மட்டும் நீங்கள் செக்-இன்னைத் தவிர்க்க வேண்டாம். இதே பயணம் கொழும்பு வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ, நடுவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் இடைவெளி என்றால், ஐந்து நாள் பயணத்துக்குக் கைப்பெட்டியோடு நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்தில் மூன்று நாள் பெட்டிக்காகக் காத்திருப்பது என்ன பயணம்?

நேரம் மிச்சமாகும் என்பது கைப்பெட்டிக்காரர்கள் சொல்லும் இன்னொரு காரணம். உள்நாட்டுப் பயணத்தில் அது உண்மை. பன்னாட்டுப் பயணத்தில் பாதி உண்மைதான். பெட்டி இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட், விசா சரிபார்க்கப் பல விமானங்களில் கவுன்டருக்குப் போயே ஆக வேண்டும். அந்தக் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டி சீக்கிரமே பெல்ட்டுக்கு வந்துவிடுகிறது. அங்கே நீங்கள் இழப்பது கால் மணி நேரம். திரும்பி வரும்போது, நள்ளிரவில் இரண்டு மூன்று விமானம் ஒன்றாக வந்து இறங்கினால், நம் ஊர் விமான நிலையப் பெல்ட்டில்தான் காத்திருப்பு நீளும். தங்கை வீட்டுக்குப் போகிற உங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. காலையில் இறங்கி நேரே ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டிய அலுவலகப் பயணிக்கு இது பெரிய விஷயம்.

பவர் பேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது கைப்பெட்டியில் மட்டும்தான், செக்-இன்னில் ஒருபோதும் கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், நீங்கள் வந்து திறக்கும்வரை பெட்டி நகராது; சில சமயம் விமானமே போய்விடும், பெட்டி தங்கிவிடும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. உங்கள் பவர் பேங்கில் எழுதியிருக்கும் எம்.ஏ.ஹெச். (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்தக் கணக்கு வரும். 20,000 என்றால் 74, கவலையில்லை. 27,000 வரை எல்லைக்குள். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் அருகே கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் புறப்படக் காத்து நிற்கும்போதே தீப்பிடித்தது. பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. போனைக் கிளம்பும் முன்பே முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே காரணத்துக்காக இன்னொரு எச்சரிக்கை. விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாசலில் நின்று “கைப்பெட்டியைக் கீழே அனுப்பிவிடுகிறோம், கட்டணம் இல்லை” என்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் முன் பவர் பேங்க், பாஸ்போர்ட், பணம், நகை, மருந்து ஐந்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் தேடாமலிருக்க, இவை எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கைப்பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள்.

இனி திரும்பும் கணக்கு. நான் கண்டவரை, சிங்கப்பூர் போன நம்மவர் யாரும் போனதை விடக் குறைந்த எடையோடு திரும்பியதில்லை. கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், மைலோ டின், குழந்தைகளுக்குப் பொம்மை, அண்ணிக்கு வாசனைத் திரவியம். முஸ்தபாவுக்குள் “சும்மா பார்க்கலாம்” என்று நுழைந்தாலே மூன்று கிலோ கூடிவிடும். இது தவறில்லை. வெளிநாடு போய்வந்தவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் வழக்கம், அதில் அன்பு இருக்கிறது. அதற்கு முன்பே இடம் ஒதுக்குங்கள் என்பதுதான் நான் சொல்வது. கோடாலித் தைலத்தின் பெரிய பாட்டில் 56 மில்லி. அப்படி ஏழெட்டு பாட்டில் கைப்பெட்டி உறைக்குள் அடங்கும், அதற்கு மேல் செக்-இன்தான். இன்னொன்று, சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும். குடியேற்றம் தாண்டிவிட்டோமே என்று உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலும் அங்கே நிற்கும். வரியில்லாக் கடையில் வாங்கும் நீர்மங்களை முத்திரையிட்ட உறையில் தருவார்கள். ஊர் வந்து சேரும்வரை அதைப் பிரிக்காதீர்கள்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு: போகும்போது அம்மாவின் பொடியும் ஊறுகாயும் நாலைந்து கிலோ இருந்தால், கிடைப்பதிலேயே சின்ன எடையாக ஒரு பெட்டி சேருங்கள். தங்கை எதுவும் வேண்டாம் என்றுவிட்டால் போகும் வழிக்குச் சேர்க்கவே வேண்டாம். கைப்பெட்டிக்குள் மடித்துவைக்கும் ஜிப் பை ஒன்றை, 300 கிராம்கூட இருக்காது, கொண்டுபோய்த் திரும்பும்போது அதையே செக்-இன் பையாக்குங்கள். திரும்பும் வழிக்கு மட்டும் 20 கிலோ, ஒருவர் பெயரில். ஒரே பதிவில் டிக்கெட் எடுத்திருந்தால் இருவர் சாமானையும் அதில் கலந்து வைக்கலாம். ஒற்றை உருப்படி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. தூக்குபவரின் முதுகுக்காக வந்தது, நீங்கள் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள்.

எப்போது சேர்ப்பது? டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்தால் விலை குறைவு, பிறகு ஆன்லைனில் சேர்த்தால் கொஞ்சம் கூடும், விமான நிலையக் கவுன்டரில்தான் மிக அதிகம். அங்கே கிலோ கணக்கில் வசூல். “ஏழரை கிலோதானே, விட்டுவிடுவார்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நாள் விடுவார்கள், மறுநாள் வாசலில் தராசு வைத்து ஒவ்வொரு பையாக நிறுப்பார்கள். இரண்டையும் நானே செய்திருக்கிறேன். அன்றைய விமானம் எவ்வளவு நிறைந்திருக்கிறது, மேலிடத்து உத்தரவு என்ன என்பதைப் பொறுத்தது அது. தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு, வரிசையே பார்க்க, துணியை எடுத்து உடம்பில் மாட்டிக்கொள்ளும் நிலை யாருக்கும் வர வேண்டாம். கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையென்றால் வீட்டு எடை மெஷினில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ குறைவாகவே நிறுத்துங்கள், அங்கே உள்ள தராசு வேறு.

செக்-இன் பெட்டியை அனுப்புவதென்றால் பழைய பயண ஸ்டிக்கர்கள் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். பழைய பார்கோடைப் படித்துவிட்டுப் பெட்டி வேறு திசைக்குப் போனதுண்டு. பெட்டியின் உள்ளே ஒரு தாளில் பெயர், போன் எண், தங்கை வீட்டு முகவரி. மூடிய பிறகு ஒரு போட்டோ, உள்ளே இருப்பதையும் ஒன்று. ஊறுகாயை வாய் விளிம்புவரை நிரப்பாதீர்கள். மேலே காற்றழுத்தம் குறையும்போது எண்ணெய் கசியும். பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி டேப், அதை இரண்டு உறையில் போட்டு, எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து, துணிக்கு நடுவே வைத்தால் சிங்கப்பூர்வரை சொட்டாது. உங்கள் ஒரு செட் துணி மனைவி கைப்பெட்டியிலும் அவருடையது உங்களுடையதிலும் இருக்கட்டும்.

பெட்டி வரவில்லை என்றால் பெல்ட் இருக்கும் மண்டபத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே உள்ள பெட்டிக் கவுன்டரில் புகார் எழுதி, எண்ணோடு அதன் நகலை வாங்குங்கள். கவுன்டர் சீட்டோடு ஒட்டித் தரும் சின்ன டேக் துண்டை அதுவரை தூக்கி எறியக் கூடாது. மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் சிங்கப்பூரும் இருக்கின்றன. அதன்படி சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்து 7 நாளுக்குள், தாமதம் என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொள்ளலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது உச்சவரம்புதான், பில் காட்டிய அளவுக்கே கிடைக்கும். நகையையும் பட்டுப்புடவையையும் செக்-இன்னில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா முறுக்கும் அதிரசமும் கொடுப்பார், நிச்சயம். அவை எடையில்லாதவை, இடத்தை அடைப்பவை, கீழே போனால் தூளாகிவிடுபவை. உலர்ந்த பலகாரத்துக்குக் கைப்பெட்டியில் தடை இல்லை. டின்னில் அடுக்கி, மேலே ஒரு துண்டைத் திணித்து, உங்கள் தோள்பையிலேயே கொண்டுபோங்கள். ஏழு கிலோவில் அதற்கு இடம் இருக்கிறது, மேலே கூட்டிக் காட்டியிருக்கிறேனே.